எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு காய்ச்சலும் அசதியும்: பொறுத்திருக்கலாமா?

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

"டாக்டர், எனக்கு வயது 38. எடையைக் குறைக்க ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 12 நாள் ஆகிறது. மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தேன். கடந்த நான்கு நாட்களாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல் வருகிறது, 100, 101 என்று ஏறுகிறது. பாரசிட்டமால் போட்டால் இறங்கும், ராத்திரி மறுபடி வரும். குளியலறை வரை போய் வந்தாலே படுத்துக்கொள்ளலாம் போல அசதி. இடது தோள்பட்டையில் இரண்டு நாளாக ஒரு வலி, கோணலாகப் படுத்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். வயிற்றில் பெரிதாக வலி இல்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் முன்பு போட்ட மாத்திரைகளையே போட்டுக்கொண்டிருக்கிறேன். 'சாப்பாடே இறங்காதபோது அசதி வராமல் என்ன செய்யும், நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டதுதானே' என்கிறார்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள், அதுவரை பொறுக்கலாமா? தண்ணீர் போதாததால் இப்படி இருக்குமா? வேலைக்கு எப்போது திரும்பலாம்?"

அன்புச் சகோதரிக்கு,

வெள்ளிக்கிழமை வரை பொறுக்க வேண்டாம். இன்றைக்கே போங்கள். இந்த வரியை மட்டும் உங்களுக்குத் தனியாகவும் அனுப்பிவிட்டேன், இங்கே விரிவாக எழுதுவது ஏன் போகச் சொல்கிறேன் என்பது உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் புரிய வேண்டும் என்பதற்காக. உங்களைப் போலவே இப்போது யாராவது வீட்டில் படுத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகவும். அறுவை சிகிச்சை செய்த டாக்டரிடமே போவதுதான் நல்லது. அது தூரம் என்றால், சி.டி. ஸ்கேனும் அறுவை சிகிச்சை நிபுணரும் உள்ள ஏதாவது ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், அங்கிருந்தே உங்கள் டாக்டரைப் போனில் பிடிக்கச் சொல்லுங்கள்.

வெறும் அசதி மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு அவசரப்படுத்தியிருக்க மாட்டேன். இந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட கிட்டத்தட்ட எல்லோருக்கும் முதல் சில வாரங்கள் அசதி இருக்கும், அது எதிர்பார்ப்பதுதான். காய்ச்சல் தனியாக ஒரு நாள் வந்து போனால்கூட போனில் கேட்டுவிட்டு கவனிக்கலாம். ஆனால் ஒரு வாரம் நன்றாக இருந்துவிட்டு, அதன் பிறகு புதிதாகக் காய்ச்சல், கூடவே நாளுக்கு நாள் கூடுகிற அசதி, அதோடு இடது தோள்பட்டை வலி, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எந்த அறுவை சிகிச்சை நிபுணருக்கும் முதலில் மனதில் வருவது கசிவுதான். அது இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்றதைப் பற்றி யோசிப்போம்.

கசிவு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, மீதி இருப்பதை ஒரு ஒடுக்கமான குழாய் மாதிரி ஸ்டேப்ளரால் மூடுகிறார்கள். அந்த ஸ்டேப்ளர் கோடு மேலிருந்து கீழ்வரை நீளமாக ஓடுகிறது. அதில் அதிகம் தொல்லை கொடுக்கிற இடம் மேல் முனை, அதாவது உணவுக்குழாய் வந்து இரைப்பையில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில். அங்கே ரத்த ஓட்டம் சற்றுக் குறைவு, இரைப்பை ஒடுங்கிவிட்டதால் உள்ளே அழுத்தமும் அதிகம். அந்த இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விட்டாலும் எச்சிலும் இரைப்பை நீரும் வெளியே கசிந்து, மண்ணீரலுக்கு மேலே, இடது உதரவிதானத்துக்குக் கீழே தேங்கிச் சீழ் பிடிக்கும். உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோள்பட்டையின் தோலுக்கு உணர்வு தருகிற நரம்பும் கழுத்தில் ஒரே வேரிலிருந்து வருவதால், கீழே இருக்கிற எரிச்சலை மூளை தோள்பட்டை வலியாகப் படித்துக்கொள்ளும். சிலருக்கு இதே காரணத்தால் விடாத விக்கலும் வரும்.

லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சின்னத் துளைகள் வழியாக அறுவை சிகிச்சை செய்வதற்காக, வயிற்றில் நிரப்பிய வாயுவாலும் தோள்பட்டை வலிக்குமே என்று நீங்கள் கேட்கலாம். வலிக்கும், ஆனால் அது முதல் இரண்டு மூன்று நாளில் வந்து தானாகக் குறைந்து போய்விடும். பத்தாவது நாளில் புதிதாகத் தொடங்குகிற வலிக்கு அந்த வாயு காரணமாக முடியாது.

இது எல்லோருக்கும் வருவதல்ல, நூறு பேரில் ஒருவர் இருவருக்குத்தான் கசிவு ஏற்படுகிறது. ஸ்லீவில் அது பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் தலைகாட்டும், முதல் மூன்று வாரங்களுக்குள், சில சமயம் அதற்கும் பிறகு. இரைப்பை பைபாஸ் என்கிற இன்னொரு வகை எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குப் பொதுவாகச் சீக்கிரமே, முதல் வாரத்துக்குள் தெரிந்துவிடும். ஆகையால் மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது எல்லாம் சரியாக இருந்ததே என்பதை வைத்து மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது.

வயிற்றில் பெரிதாக வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு ஆறுதல் தருகிற வரி அது, எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்கு உள்ளே சீழ் இருந்தாலும் வயிறு மேலே மிருதுவாகவே இருக்கலாம், அமுக்கிப் பார்த்தாலும் மருத்துவருக்கே ஒன்றும் தட்டுப்படாமல் போகலாம். அதனால்தான் இந்த அறுவை சிகிச்சை செய்கிறவர்கள் வயிற்றைவிட நாடித்துடிப்பை நம்புகிறார்கள். கசிவின் முதல் அடையாளமாகப் பல பேருக்குக் காய்ச்சலுக்கும் முன்னால் வருவது நாடி வேகமாக அடிப்பதுதான். பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்துவிட்டு, மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக இரண்டு விரல்களை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நூறுக்கு மேல் விடாமல் அடித்தால் போன் செய்ய வேண்டும், 120ஐத் தொட்டால் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பிரஷர் மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்கள், பெயர் எழுதவில்லை. அது மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ப்ரோப்ரனலால் வகையில் ஒன்றாக இருந்தால் அது நாடித்துடிப்பைக் கட்டி வைத்திருக்கும், உள்ளே பிரச்சினை பெரிதாக இருந்தும் எண்ணிக்கை 90 என்றே காட்டலாம். அதனால் உங்கள் நாடி சாதாரணமாக இருந்தாலும் நான் சொன்னது மாறாது, நீங்கள் போகத்தான் வேண்டும்.

பாரசிட்டமாலைப் பற்றி. அது தப்பான மாத்திரை இல்லை, இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்குப் பாதுகாப்பானதே அதுதான். ஆனால் காய்ச்சலை இறக்கிவிட்டு, இறங்கிவிட்டதே என்று நிம்மதியாகிற பழக்கம்தான் ஆபத்து, ஏனென்றால் அது தெர்மாமீட்டர் காட்டுகிற அளவை மட்டும்தான் இறக்குகிறது, உள்ளே காரணம் அப்படியே இருக்கிறது. மாத்திரை போடுவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள், மணியையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸைத் தாண்டினால் அதைக் காய்ச்சல் என்றே எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் 101ஐப் பார்த்துவிட்டீர்கள். அப்புறம், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை யார் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், அவை காய்ச்சலையும் மறைக்கும், புதிய ஸ்டேப்ளர் கோட்டுக்குப் பக்கத்தில் புண்ணையும் உண்டாக்கும். பைபாஸ் செய்தவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பு.

கசிவு இல்லை என்று ஸ்கேனில் வந்தால் என்னவாக இருக்கலாம்? அறுவை சிகிச்சைக்குப் பிறகு வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமலும் இருமாமலும் இருப்பவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, அங்கே நிமோனியா பிடிப்பதுண்டு. இருமல், சளி, மூச்சு இழுக்கும்போது குத்தல் இருந்தால் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். சிறுநீர் குழாய் வைத்திருந்தால் சிறுநீரில் தொற்று வரலாம். துளை போட்ட இடங்களையும் ஒருமுறை கண்ணாடி முன்னால் நின்று பாருங்கள், குறிப்பாக இரைப்பையை வெளியே எடுத்த அந்தப் பெரிய துளையை. சிவந்து, சூடாக, தொட்டால் வலித்து, ஈரம் கசிந்தால் அது காயத்தில் தொற்று, இருப்பதிலேயே சுலபமாகத் தீர்கிற காரணம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்து, இப்போது தண்ணீராகப் பேதியும் போகிறது என்றால் அதையும் சொல்ல மறக்காதீர்கள், பெருங்குடலில் வருகிற ஒரு வகைத் தொற்று அப்படித்தான் தொடங்கும். பித்தப்பைக் கல் பொதுவாக இவ்வளவு சீக்கிரம் வராது, எடை வேகமாக இறங்குகிற முதல் ஆறு மாதத்தில்தான் அது அதிகம்.

ரத்தக்கட்டி வேறு விஷயம், அதை நான் ஒரு வரியில் கடந்து போக மாட்டேன். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு உயிரைப் பறிக்கக்கூடிய காரணங்களில் முன்னால் நிற்பது கால் ரத்தக்குழாயில் உறைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்கிற ரத்தக்கட்டி. இதுவும் பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, முதல் மாதத்துக்குள் வருவதுதான். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் வலி, திடீரென்று மூச்சு வாங்குவது, நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம், இதில் எது வந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இன்னொரு இடத்திலும் ரத்தம் உறையலாம், குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயில். அதன் அடையாளங்கள் மொண்ணையாக இருக்கும், மந்தமான வயிற்று வலி, குமட்டல், லேசான காய்ச்சல், அசதி, அவ்வளவுதான். போதுமான தண்ணீர் குடிக்காதவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். ரத்தக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கிற சி.டி. ஸ்கேனில்தான் தெரியும், அதனால் வீட்டில் உட்கார்ந்து இது அதுவாக இருக்குமோ இதுவாக இருக்குமோ என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது.

தண்ணீர் போதாததால் இப்படி இருக்குமா என்று கேட்டிருந்தீர்கள். அசதிக்கு அது ஒரு பெரிய காரணமாக இருக்க முடியும், இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆட்கள் மறுபடி மருத்துவமனைக்கு வருவதே அதிகமும் உடலில் நீர் வற்றித்தான். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடிக்கிற இரைப்பை இப்போது உங்களுக்கு இல்லை. ஒரு வாய், இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு வாய், என்று விழித்திருக்கிற நேரமெல்லாம் குடித்துக்கொண்டே இருந்தால்தான் நாளைக்கு ஒன்றரை லிட்டரை எட்ட முடியும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தாலோ, எழுந்து நின்றால் கண் இருட்டிக்கொண்டு வந்தாலோ நீர் போதவில்லை என்று அர்த்தம். ஆனால் நீர் வற்றியதை வைத்து மட்டும் தினமும் சாயங்காலம் 101 ஏறுவதற்குக் கணக்குச் சொல்ல முடியாது. தண்ணீரைக் கூட்டிப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை போகலாம் என்று தயவுசெய்து முடிவு செய்யாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு அதிகம் உறுத்தியது, பழைய மாத்திரைகளையே போடுகிறேன் என்றது. இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எடை இறங்குவதற்கு முன்னாலேயே, சில நாட்களிலேயே குறைய ஆரம்பிக்கும். முன்பு சாப்பிட்டதில் கால்வாசிகூட இப்போது உள்ளே போகவில்லை, மாத்திரை மட்டும் அதே அளவில் போகிறது என்றால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து போய் வியர்த்து, நடுங்கி, மயக்கம் வரும். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் இதைச் செய்யும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றில் ஆபத்து வேறு விதமானது. குறைவாகச் சாப்பிடும்போது இவை ரத்தத்தை அமிலமாக்கிவிடலாம், அப்போது சர்க்கரை அளவு ஏறக்குறைய சரியாகவே காட்டும், ஆள் மட்டும் வாந்தியும் அசதியும் வேகமான மூச்சுமாகத் துவண்டு போய்விடுவார். பிரஷர் மாத்திரையோடு சிறுநீர் பிரிய வைக்கிற மருந்தும் சேர்ந்திருந்தால் அது இருக்கிற கொஞ்ச நீரையும் வெளியே தள்ளும். மாத்திரைப் பட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய் அவசரப் பிரிவு மேசையில் வையுங்கள், பெயரை நினைவிலிருந்து சொல்ல முயற்சி செய்ய வேண்டாம். எதை நிறுத்துவது, எதைக் குறைப்பது என்று அவர்கள் சொல்லட்டும், நீங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள்.

நீங்கள் வாந்தி பற்றி எழுதவில்லை. இருந்தால் அதையும் சொல்லுங்கள், ஏனென்றால் வைட்டமின் பி1 உடலில் இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் இருப்பு இருக்கும். சாப்பாடும் இறங்காமல் வாந்தியும் இருந்தால் அது சீக்கிரமே தீர்ந்துபோய், பார்வை இரட்டையாகத் தெரிவது, நடக்கும்போது தள்ளாடுவது, பேச்சு குழம்புவது என்று மூளையைத் தாக்கும். காலம் தாழ்ந்தால் முழுதாகத் திரும்பாத பாதிப்பு அது. பி1 குறைவாக இருக்கும்போது வெறும் குளுகோஸ் டிரிப்ஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும். எனவே டிரிப்ஸ் போட வரும்போது உங்களுடன் இருப்பவர், "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர், குளுகோஸுக்கு முன்னால் பி1 ஊசி போட வேண்டுமா?" என்று கேட்கட்டும்.

வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் இன்னும் இரண்டு விஷயங்கள். மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் போட வந்தால், புதிய ஸ்டேப்ளர் கோடு இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் பேசிவிட்டுப் போடுங்கள் என்று சொல்லுங்கள், கண்மூடித்தனமாகத் தள்ளினால் அது கோட்டையே கிழிக்கலாம். ஸ்கேனுக்கு முன்னால் ஒரு லிட்டர் மருந்து நீரைக் குடிக்கச் சொன்னால் உங்களால் முடியாது, சில வாய் குடித்தாலே அந்த இடத்தைப் பார்க்கப் போதும். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வைத்திருங்கள். ரத்தத்தில் வெள்ளையணுக்கள், உள்ளே அழற்சி இருப்பதைக் காட்டுகிற சி.ஆர்.பி., சிறுநீரகச் செயல்பாடு, உப்புகளின் அளவு எல்லாம் பார்ப்பார்கள்.

ஸ்கேன் நன்றாக வந்தாலும் காய்ச்சலும் நாடியும் அடங்கவில்லை என்றால், கேமரா விட்டு உள்ளே பார்ப்பதே சரி என்று சில டாக்டர்கள் முடிவு செய்வார்கள், அதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஸ்கேன் சின்னக் கசிவைத் தவறவிடுவது உண்டு. கசிவு இருந்தாலும் சீழை வெளியே எடுக்க ஒரு குழாய், ஆன்டிபயாடிக், கொஞ்ச நாள் வாய்வழி உணவில்லாமல் வேறு வழியில் ஊட்டம், தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி மூலம் உள்ளே கசிவை மறைக்கிற ஸ்டென்ட் குழாய் என்று வழிகள் இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுகிறார்கள், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகும். சீக்கிரம் கண்டுபிடித்தவர்களுக்கும் தாமதமாக வந்தவர்களுக்கும் இதில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

இனி உங்கள் வீட்டாருக்கு. "நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டது" என்ற பேச்சு எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. உடல் பருமன் ஒரு நோய், அதற்கு இவர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறார், குடல்வால் அறுவை சிகிச்சை செய்தவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் இப்படிச் சொல்வதில்லை. இந்த ஒரு சொல்லால்தான் பல பெண்கள் வலியை வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். நான்கு நாள் காய்ச்சலைச் சொல்லத் தயங்கித்தான் உங்கள் மகளோ மருமகளோ மனைவியோ எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இன்று அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், யாராவது ஒருவர் கூடப் போய், கூடவே இருங்கள். வண்டியை அவர் ஓட்டக் கூடாது.

இதெல்லாம் தீர்ந்த பிறகும் அசதி கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும். நாளைக்கு 500, 800 கலோரிதான் உள்ளே போகிறது, உடம்பு கொழுப்பை மட்டுமல்லாமல் தசையையும் கரைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் தினமும் 60 முதல் 80 கிராம் புரதம் என்று சொல்கிறோம், திரவ உணவு நாட்களில் அது புரதப் பொடி இல்லாமல் கடினம். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இந்த அசதி தணியும். அதற்குப் பிறகும் நீடித்தால், அல்லது மூன்று நான்கு மாதம் கழித்துப் புதிதாக வந்தால், ரத்தச்சோகை, இரும்புச் சத்து, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு என்று பார்க்க வேண்டும். மல்டிவைட்டமினை நிறுத்தாதீர்கள், அது வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியது.

வேலைக்குத் திரும்புவது பற்றி: சிக்கல் ஏதும் இல்லாதவர்கள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் போய்விடலாம், பாரம் தூக்குகிற வேலை என்றால் ஆறு வாரம் வரை வேண்டும். உங்கள் விஷயத்தில் காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்து, அது தீர்ந்து, மாத்திரை போடாமலே காய்ச்சல் வராமல் சில நாட்கள் போன பிறகுதான் தேதியைப் பேச வேண்டும். விடுப்பை நீட்டிக்க மருத்துவச் சான்றிதழ் இன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள், அலுவலகத்துக்குக் காய்ச்சல் என்று எழுதினால் போதும், என்ன அறுவை சிகிச்சை என்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.